கால் சுற்று

ஜுபைலில் விடிகாலை நான்கரை.
ஆலைக் கழிவுநீர் சுத்தமாகி வந்து
உப்புத் தரையில் தேங்குமிடத்தில்
ஆளை மறைக்கும் நாணல்.
லமீஸ் வலையிலிருந்து குருவியை எடுப்பாள்,
அளப்பாள், சொல்வாள்.
நான் எழுதுவேன்.
வேலை எனக்கு வால்வு பார்ப்பது;
இகாமாவில் எழுதியிருப்பது கொத்தனார்.
கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று
மே மாதம் மட்டும் இந்த உத்தியோகம்.
சம்பளம் கிடையாது, பேரீச்சம்பழம் உண்டு.

முதல் துணிப்பை.
வெளியே வந்ததுமே அவள் நகக்கண்ணைக் கவ்வி
விடமாட்டேன் என்றது.
இருபத்தேழு கிராம். தடித்த அலகு.
அடிவயிற்றில் பழைய வேட்டியின் பழுப்பு.
'கத்தும் நாணல் கதிர்க்குருவி. எழுது.'
பார்க்காமலே தெரியும் எனக்கு,
இரவு ஷிப்டில் கண்ணசர விடாதவன்:
கரக் கரக் கரக், ரீச் ரீச், மறுபடி கரக்.
கேம்ப் வாசலில் மினிபஸ்ஸுக்கு
இடம் பிடிக்கிறவன் குரல்.
நம்ம ஊர் ஏரிகளிலும் இருக்கிறானாம்.
அங்கே நான் மீனைத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் பை.
காலியோ என்று நினைத்தேன்.
பதினாறு புள்ளி நான்கு.
அலகு மட்டும் ஊசி மாதிரி நீளம்,
கண்ணுக்கு மேலே சுண்ணாம்புக் கோடு,
வயிறு வெளுப்பு.
அவள் விரல்களுக்குள் அசையாமல்
ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
லமீஸ் குரலைத் தாழ்த்தினாள்:
'பஸ்ரா.'

ரெண்டும் ஒரே சாடையா இருக்கே என்றேன்.
'இப்னு அம்' என்றாள்.
பெரியப்பா மகனா, சித்தப்பா மகனா
என்று அரபியில் பிரிக்க முடியாது.

தாளில் கடைசிக் கட்டம்: நிலை.
முதலாமவனுக்குக் 'கவலை குறைவு'.
நைல் கரை தொடங்கிக் கீழ்த்திசைத் தீவுகள் வரை
நாணல் கண்ட இடமெல்லாம் அவன் வீடு.
இவனுக்கு 'அழியும் ஆபத்து'.
ஏனாம்?
வடக்கே இரண்டு ஆறுகள் சேருமிடத்தில்
கடல் மாதிரி நாணல் இருந்ததாம்.
கரை எழுப்பி, கால்வாய் வெட்டி,
ஓர் உத்தரவில் தண்ணீரைத் திருப்பினார்களாம்.
பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது,
வந்ததும் வருஷத்துக்கு வருஷம் நிச்சயமில்லை.
குளிருக்கு மொசாம்பிக் போய்த் திரும்பிய குருவி
இறங்கப் பார்த்தால்
கீழே பாளம் பாளமாகச் சேறு.

அவள் உத்தரவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கு வேறொருவன் ஞாபகம்.
உத்தரவா தண்ணீரை நிறுத்தும்?
எவனோ ஒருத்தன் மதகடியில் குனிந்து,
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு,
சக்கரத்தைச் சுற்றியிருப்பான்.
முடிந்தது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு
டீ குடிக்கப் போயிருப்பான்.

காலில் வளையம் மாட்டினாள்.
தீக்குச்சி மருந்தளவுகூட எடையில்லை.
என் கையில் வைத்து 'நீ விடு' என்றாள்.
விட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டுப் போயிற்று.

சட்டைப் பையில் முந்தின நாள் வந்த தாள் இருந்தது:
ஜூன் ஒன்று முதல் மூன்றாம் வால்வு அடைப்பு,
தண்ணீர் கார்னிஷ் சாலைப் புல்தரைக்கு.
கீழே தப்பும் தவறுமாக என் பெயர்.
காட்டினேன்.
போட்டோ எடுத்தாள், யாருக்கோ போன் போட்டாள்,
வெயிலேறும் வரை சத்தம் போட்டாள்.
மறுமுனையில் கடைசியாகச் சொன்னது மட்டும்
எனக்கும் புரிந்தது. இன்ஷா அல்லா.

ஜூன் ஒன்று. இரும்புச் சக்கரம் கொதிக்கிறது.
முப்பத்தாறு சுற்றில் முழுதாக மூடும்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
முப்பத்தைந்தே முக்காலில்
நாணலுக்குள்ளிருந்து கரக் கரக்.
அவன்தான், கவலை குறைந்தவன்.
மற்றவன் மூச்சுக்கூட விடவில்லை,
இருக்கிறானோ, வேறெங்காவது போய்விட்டானோ.
குழாய் வாயில் சுண்டுவிரல் கனத்துக்கு
இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

துண்டால் கையைத் துடைத்தேன்.
ரெஜிஸ்டரை எடுத்து முத்துமுத்தாக எழுதினேன்:
வால்வு மூன்று. மூடியது.
சுற்று முப்பத்தாறு.